மாடியில் கண், கீழே கம்பி

பிளாஸ்டிக் கேன்வாஸில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு கத்தரிக்கோல் வேண்டும். ஒன்று பிளாஸ்டிக் வெட்ட, இன்னொன்று நூல் வெட்ட. பிளாஸ்டிக்கை வெட்டிய கத்தரி சீக்கிரம் மழுங்கிவிடும். அதை வைத்துக் கம்பளி நூலை நறுக்கினால் நுனி துடைப்பம் மாதிரிப் பிரிந்துகொண்டு, ஊசிக் காதுக்குள் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். இது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. என் ஓரகத்திக்கு மட்டும் இத்தனை வருடமாகியும் தெரியவில்லை. அவளிடம் இருப்பது ஒரே ஒரு கத்தரி. பிளாஸ்டிக், நூல், பால் பாக்கெட், காலண்டர் தாள் எல்லாவற்றுக்கும் அதுதான்.

அப்படியிருந்தும் வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் செய்த டிஷ்யூ பெட்டியைத்தான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே நான் செய்தது இருக்கும். என்னுடையதில் ஒரு பிசிறு கிடையாது, ஒரு தையல் சாய்ந்திருக்காது. "நல்லா இருக்கே, கடையில வாங்கினதா?" என்பார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்லி என் கணவர் பல தடவை சமாதானம் செய்திருக்கிறார்.

ஓரகத்தி என்றால் அவருடைய தம்பி மனைவி. வீட்டில் எல்லாரும் சின்னவள் என்போம். அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. எனக்கு மருந்துக்கடையில் வேலை. என் மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பெரும்பாலும் மாலை ஷிப்ட்தான் கிடைத்தது. பள்ளி விட்டு வந்தவள் நேராக மாடிக்குப் போவாள். சாப்பாடு அங்கே, வீட்டுப்பாடம் அங்கே, சண்டை அங்கே, சமாதானமும் அங்கேயே. நான் வந்து கீழிருந்து கூப்பிட்டால் "இதோ வரேன்மா" என்று குரல் வரும், ஆள் வராது. என்னை எப்படி 'நீ' என்பாளோ அப்படியே அவளையும் 'நீ' என்பாள். சின்னவளுக்குச் சொந்தமாக இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். இரண்டும் போதாதென்று என்னிடம் இருக்கிற ஒன்றிலும் பங்குக்கு வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

கேன்வாஸ் வேலை இந்த வீட்டுக்குள் வந்ததும் அந்த மாடி வழியாகத்தான். பார்க்க ஒன்றுமில்லாத சமாச்சாரம். விறைப்பான பிளாஸ்டிக் வலை, குறுக்கும் நெடுக்கும் கம்பி, நடுவில் ஓட்டை, தாள் தாளாக விற்கும். அதை வேண்டிய அளவில் வெட்டி, கம்பளி நூலால் ஓட்டைகளை நிரப்பி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் பெட்டியோ பேனா டப்பாவோ ஆகும். ஒருநாள் என் மகள் டம்ளருக்கு அடியில் வைக்கிற சின்னச் சதுரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "சித்தி சொல்லிக் குடுத்தா" என்றாள். கோணலும் மாணலுமாக ஒரு மஞ்சள் பூ. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். என் வயிறு அன்றைக்குப் பற்றிக்கொண்டதுதான், இன்னும் அணைந்தபாடில்லை.

மறுநாளே போய் நானும் தாள், ஊசி, நூல் எல்லாம் வாங்கினேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவளைவிட நன்றாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பொறாமை வந்தால் மற்றவர்கள் கோள் சொல்வார்கள், நான் தையல் கற்றுக்கொண்டேன். யாருக்கு என்ன நஷ்டம்?

முறையாகக் கற்றுக்கொண்டேன். முனை மழுங்கிய ஊசிதான் எடுக்க வேண்டும், கூரானது நூலைக் கிழிக்கும். நூலை ஒரு முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டக் கூடாது, போகப்போகப் பஞ்சு பஞ்சாக நைந்துவிடும். முடிச்சே போடக் கூடாது. வாலைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நுழைத்து இழுத்து நறுக்க வேண்டும். வெளிர் நிறத்தை முதலில் தைத்துவிட்டு அடர்நிறத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பின் பஞ்சு வெள்ளையில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். வெட்டிய ஓரத்தில் முள் மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் முனைகளை நெயில் கட்டரால் ஒட்ட எடுக்க வேண்டும். எடுத்தபின் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பேன். கன்னத்துக்கு உறுத்தவில்லையென்றால் வேலை சுத்தம். மூலைக்கு மூன்று தையல், அப்போதுதான் பிளாஸ்டிக் பல்லைக் காட்டாது.

சின்னவள் இதில் ஒன்றையும் செய்ய மாட்டாள். எழுந்துபோய் நூல் எடுக்கச் சோம்பேறித்தனம், அதனால் ஆளுயர நூலைக் கோத்துக்கொண்டு கையை வானத்துக்கும் பூமிக்குமாக வீசித் தைப்பாள். எச்சில் தொட்டு ஊசி கோப்பாள். முடிச்சுப் போடுவாள். அவள் வேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சீவாத தலைதான்.

போன மாதம் என் மகளிடமிருந்து போன் வந்தது. முதல் பிரசவம். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், பார்க்கிற டாக்டர் அங்கே என்பதால் பிரசவமும் அங்கேதான், மாப்பிள்ளைக்கு நேரங்கெட்ட நேரத்தில் டியூட்டி. வீடு சின்னது, ஒரு கட்டில்தான் கூடுதலாகப் போடலாம். "யாராவது ஒருத்தர் வந்து கூட இருந்தா போதும்மா. நானே ஒரு தடவை வரேன், கையோட கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள்.

யாராவது ஒருத்தர். 'நீ வந்துடு' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். பெற்றவளிடம் போய் 'யாராவது' என்றால், அந்த இன்னொரு 'யாராவது' யார் என்று எனக்குத் தெரியாதா? போனை வைத்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. என் பேரப்பிள்ளையை முதலில் கையில் வாங்குகிறவள் மாடிக்காரியாக இருந்துவிடுவாளோ என்ற பயம். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கும்போது பாதியில் எண்ணிக்கை தவறியது. அப்படி எனக்கு ஆனதே இல்லை.

கணவரிடம் சொன்னேன். உன்னைத்தான் கூப்பிடுவாள், வேறு யாரைக் கூப்பிடுவாள் என்றார். அப்படியானால் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

இரண்டாவது போனில் அவள் இன்னொன்று கேட்டாள். குழந்தையின் சாக்ஸ், பவுடர், சீப்பு வைக்க வீடு மாதிரி ஒரு பெட்டி வேண்டுமாம். "சுவர் நீ செய்மா, கூரையைச் சித்தி செய்யட்டும்" என்றாள். யார் வேலை நன்றாக இருக்கிறதோ அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவாள் என்று எந்தப் பைத்தியமும் நினைக்காது. நான் நினைத்தேன்.

இந்த வேலையில் ஒரு பொறி உண்டு. ஒரு கம்பெனியின் தாளுக்கும் இன்னொரு கம்பெனியின் தாளுக்கும் ஓட்டைகள் மயிரிழை வித்தியாசப்படும். தைக்கும்போது தெரியாது, சேர்க்கும்போதுதான் காலை வாரும். சின்னவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று ஒரே கம்பெனித் தாள்களை நானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். நீளம் எண்பது என்று சொன்னேன். சரிக்கா, எண்பது என்றாள். எண்பது என்ன என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதன்பிறகு துணி காயப்போடுகிற சாக்கில் அடிக்கடி மாடிக்குப் போனேன். காய்ந்த துணியையே திரும்ப நனைத்துக் கொண்டுபோனதும் உண்டு. சின்னவள் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து சிவப்பு நூலை வீசிக்கொண்டிருப்பாள். ஒருநாள் கூரையைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு ஓட்டுக்கு நடுவில் ஒரு சாம்பல் பூனை சுருண்டு படுத்திருந்தது. யாரும் பூனை கேட்கவில்லை. ஒரு காது கொஞ்சம் மடங்கி, வால் மூக்கைத் தொட்டுக்கொண்டு, எந்த நிமிடமும் சோம்பல் முறித்துவிடும் போல இருந்தது.

பூனை நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கீழே வந்து என் சுவர்களை எடுத்துப் பார்த்தேன். நேரான ஜன்னல், நேரான கதவு, அரசாங்கக் குடியிருப்பு மாதிரி இருந்தது. ஒரு சுவரைப் பிரித்துப் பூங்கொடி ஏற்றினேன். கொடியும் நேராகவே ஏறியது.

மகள் ஒரு சனிக்கிழமை வந்தாள். வயிறும் தானுமாக வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "சித்தி எங்க?" என்றாள். எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைச் சேர்க்கலாம் என்று மேஜையைத் துடைத்தேன். என் கணவர், கொழுந்தன், சின்னவள், மகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அடிப்பகுதியும் நான்கு சுவர்களும் ஏற்கெனவே ஒன்றாக நின்றன. கூரையின் ஒரு ஓரத்தைப் பின்சுவரோடு சேர்த்துத் தைத்துவிட்டால் மூடி மாதிரித் திறந்து மூடும். ஓட்டைக்கு ஓட்டை வைத்து, ஊசியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். அறையில் நான் மட்டும் வேலை செய்ய எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குச் சுகமாக இருந்தது.

கடைசியில் சுவர் முடிந்துவிட்டது, கூரை முடியவில்லை. ஒரே ஒரு ஓட்டை அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

என் சுவரை ஊசி முனையால் எண்ணினேன். எண்பது கம்பி, சரி. கூரையை எண்ணினேன். எண்பத்தொரு கம்பி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வேலையில் கம்பியைத்தான் எண்ண வேண்டும். ஓட்டையை எண்ணினால் ஒன்று கூடிவிடும், ஏனென்றால் இரண்டு ஓரத்திலும் கம்பிதான் நிற்கிறது. மாடியில் அதை ஓட்டை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், கண் என்பார்கள். சின்னவள் எண்பது கண் எண்ணி வெட்டியிருக்கிறாள். எனக்குள் பட்டாசு வெடிக்காத குறைதான்.

"ஒரு கண்ணு கூடிப்போச்சா?" என்று சின்னவள் எட்டிப் பார்த்தாள். "கூரை கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருந்தா மழைக்கு நல்லதுதானேக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர்கூடச் சிரித்தார். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தப்பு செய்தது அவள், கைதட்டலும் அவளுக்கே. எனக்குக் காதில் புகை வந்தது. கண் வைப்பதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதாதா என்று ஒரு வேடிக்கையோடு விட்டிருக்கலாம். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு கூரைய ஒழுங்கா எண்ணத் தெரியல, இவ போய்ப் பிள்ளையைப் பாத்துக்கப் போறாளாம்."

கொழுந்தன் மேஜை விரிப்பின் பூவைப் பார்த்தார். சின்னவள் சிரித்த முகத்தை மாற்ற மறந்தவள் போல அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் ஏதோ இப்போதுதான் படிக்கக் கிடைத்த மாதிரி என் முகத்தைப் படித்தாள்.

என் மகள் கையை நீட்டி என்னிடமிருந்து ஊசியை வாங்கினாள்.

"நானும் கண்ணைத்தான்மா எண்ணுவேன்" என்றாள்.

நான் போட்டிருந்த தையலைப் பாதிவரை பிரித்தாள். நடுவில் ஓரிடத்தில் சுவரின் ஒரே கண்ணுக்குள் ஊசியை இரண்டு தடவை விட்டு, கூரையின் இரண்டு கண்களை அதோடு பிடித்தாள். மீதியைச் சரசரவென்று ஓட்டிக் கொண்டுபோனாள். கடைசியில் சுவரும் கூரையும் ஒன்றாக முடிந்தன. முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்தாள். நான் ஒரு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில் எதுவும் அந்தக் கையில் இல்லை. நூலை இழுக்கும்போது சுண்டுவிரலைத் தூக்குவதுவரை அது சின்னவளின் கை.

அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சின்னவள் எழுந்து மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என் மகளும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினாள். ஆண்கள் இருவரும் காற்றாட வெளியே போய்விட்டார்கள். நான் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். எந்தக் கண்ணில் இரண்டு தடவை ஊசி போனது என்று தேடினேன். ஓரம் முழுக்க விரலால் தடவியும் கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே பேச்சுக்குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை என் மகளின் குரல் உயர்ந்தது. பிறகு நாற்காலி நகர்த்தும் சத்தம்.

இதோ முடிந்தது, என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்து, சித்தி வரட்டும்மா என்று சொல்லப் போகிறாள். சொன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அம்மா, நீயே வாம்மா" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன், என்னென்னவோ சொன்னேன். மருந்துக்கடையில் லீவு சொல்ல வேண்டும், எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும் என்று வாயெல்லாம் பல்லாக அடுக்கினேன். சரிம்மா, சரிம்மா என்று அவள் தலையாட்டினாள். படுத்துக்கொள்கிறேன் என்று உள்ளே போனாள்.

நான் மாடிக்குப் போனேன். சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்ததைக் காட்டவும்தான் போனேன்.

சின்னவளின் கட்டில் மேல் ஒரு பை திறந்து கிடந்தது. பெரிய பை, ஊருக்குப் போகிற பை. அவள் அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புடவைகள், மூக்குக்கண்ணாடிக் கூடு, பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்த சின்னச் சின்னத் துணிகள். துணிகள் நிறைய இருந்தன. அத்தனையையும் ஒரு வாரத்தில் தைத்திருக்க முடியாது.

என்னைப் பார்த்ததும், அலமாரியை ஒதுக்குகிறேன் அக்கா என்றாள். அவளுக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காக வராது.

என் மகள் சொன்னது 'நீ வா' இல்லை, 'நீயே வா'. அந்த 'யே' என் காதில் அப்போதுதான் விழுந்தது. முதலில் கேட்டது இவளை. எப்போதோ கேட்டிருக்கிறாள், இவளும் சரியென்று சொல்லிப் பையைக் கட்டிவிட்டாள். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அந்த 'யாராவது'. இப்போது இவள்தான் என் முகத்தைப் படித்துவிட்டு வந்து, உன் அம்மாவைக் கூட்டிப் போ என்று சண்டை போட்டு அனுப்பியிருக்கிறாள். என் மகளின் பிரசவத்துக்கு நான் போவது இவள் போட்ட பிச்சை. வேண்டாம், நீயே போ என்று பையை அவள் மூஞ்சியில் வீச வேண்டும்போல இருந்தது. வீசினால் போக முடியாது. வாயை மூடிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவள் அந்தச் சின்னத் துணிகளை அடுக்கி என் மடியில் வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அவளுக்குப் பயம் வந்தா பேசினாப் பிடிக்காது. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொன்னா இன்னும் அழுவா. முதுகுல கைய வெச்சுட்டு சும்மா இருந்தாப் போதும், அதுவா அடங்கிடும்."

நான் வாழ்நாள் முழுக்க 'ஒண்ணுமில்ல' என்று சொல்கிறவள். மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். பெத்தவ எனக்குத் தெரியாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்குத் தெரியாது. என் மகள் பயந்து நான் பார்த்ததே இல்லை. பயந்தபோதெல்லாம் அவள் இங்கேதான் இருந்திருக்கிறாள்.

"முதுகுல எங்க?" என்று கேட்டேன்.

சின்னவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி உட்காரவைத்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கொஞ்சம் கீழே, உள்ளங்கையை வைத்தாள். தட்டவில்லை, தடவவில்லை. வைத்தாள், அவ்வளவுதான். ரவிக்கைத் துணியைத் தாண்டிச் சூடு இறங்கியது. மடியிலிருந்த துணிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை.

என் மகள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.